ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கு முன்னால் ஒரு முகவரி வேண்டும்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலை, வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள், ஸ்டேஷன் மாஸ்டராக இருக்கும் எனக்கு இப்போது அடிக்கடி அழைப்பு எடுக்கிறார்கள். "அண்ணா, ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கு எப்படி விண்ணப்பம் போடுவது? என்ன படிக்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள். என்ன படிக்க வேண்டும் என்று சொல்வது எளிது. நுண்ணறிவு, பொது அறிவு, கொஞ்சம் கணக்கு, பிழையில்லாமல் எழுதும் பழக்கம். ஆனால் எங்கள் பக்கத்தில் அரசாங்க வேலையை நினைத்துப் பின்பு கைவிட்டவர்களில் பலர் வினாத்தாளிடம் தோற்றவர்கள் இல்லை. கடிதம் வந்து சேராமல், பெயரில் ஓர் எழுத்து மாறி, காத்திருக்க வீட்டில் வசதியில்லாமல் விலகிப் போனவர்கள். அவர்களோடுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். ஆகவே பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நடப்பதைப் பற்றியே இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

உயர்தரம் முடித்த பிறகு நகரத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். போட்டோகொப்பி எடுப்பது, ரீலோட் போடுவது, பரீட்சைப் பெறுபேறு பார்த்துச் சொல்வது, வெளிநாட்டிலிருக்கும் மகளுக்கு மருந்துச்சீட்டைப் படம் எடுத்து அனுப்புவது, எல்லாம் அங்கே நடக்கும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அரச வர்த்தமானி வெளியாகும். அதிலுள்ள வேலைவாய்ப்பு அறிவித்தல்களை அச்செடுத்துக் கண்ணாடியில் ஒட்டுவது என் பொறுப்பு. நகரத்துப் பிள்ளைகள் நின்று வாசிப்பார்கள். ஆசிரியர்கள் வாசிப்பார்கள். தோட்டத்திலிருந்து சாமான் வாங்க இறங்கி வருகிறவர்கள் கடந்து போய்விடுவார்கள். தங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் அந்தத் தாளில் ஏதோ இருக்கலாம் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

அப்படி அச்செடுத்த ஒரு வெள்ளிக்கிழமைதான் நிலைய அதிபர், அதாவது ஸ்டேஷன் மாஸ்டர், பதவிக்கான அறிவித்தலைப் பார்த்தேன். கேட்டிருந்த சாதாரணதரச் சித்திகள் என்னிடம் இருந்தன. உயர்தரமும் இருந்தது. வயதும் எல்லைக்குள் இருந்தது. அந்தப் பிரதி இன்னும் என் பைலில் இருக்கிறது.

வர்த்தமானி அறிவித்தலைக் கதை வாசிப்பது போல வாசிக்காதீர்கள். பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வயதை எந்தத் திகதியில் கணக்கிடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அது விண்ணப்ப முடிவுத் திகதியாக இருக்கும். எந்த மொழிமூலத்தில் பரீட்சை எழுதப் போகிறீர்கள் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். விண்ணப்பத்தில் எழுதியதைப் பின்பு மாற்ற விடமாட்டார்கள். உங்கள் கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்தப் பாடசாலை அதிபரோ சமாதான நீதவானோ வேண்டும். அவரைத் தேடிக் கடைசி நாளில் ஓடினால் அவர் கண்டியில் ஒரு கலியாண வீட்டில் இருப்பார். பரீட்சைக் கட்டணப் பற்றுச்சீட்டைப் படிவத்தில் ஒட்டுவதற்கு முன் ஒரு பிரதி எடுத்துவையுங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபாலகத்தில் தரும் துண்டுச்சீட்டைத் தொலைக்காதீர்கள்.

இனி முகவரி. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எங்கள் வீட்டுக் கதவுக்கு இலக்கம் கிடையாது. எங்கள் தெருவுக்குப் பெயரும் கிடையாது. தோட்டத்தின் பெயர், மேல் பிரிவான மேற்கணக்கா கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கா என்பது, பிறகு நகரத்தின் பெயர், அவ்வளவுதான் முகவரி. தபால்காரர் கடிதக் கட்டைத் தோட்டத்து ஆபீசில் கொடுத்துவிட்டுப் போவார். அங்கிருந்து யாராவது மேலே வரும்போது கொண்டுவந்தால் உண்டு. ஒரே பெயரில் நான்கைந்து பேர் இருக்கும் இடத்தில் கடிதம் எந்த வீட்டுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. மழை நாளில் மேற்கணக்குக்கு யாரும் ஏறமாட்டார்கள். கல்யாணப் பத்திரிகையும் வங்கிக் கடிதமும் இப்படித் தாமதித்தால் தாங்கிக்கொள்ளலாம். என் அக்காவுக்குத் தாதியர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு வந்தது. உறையின் மேலிருந்த தபால் முத்திரையைப் பார்த்தால் அது உரிய நேரத்தில்தான் புறப்பட்டிருக்கிறது. இடையில் எங்கே கிடந்தது என்று கேட்டு அப்பா ஆபீசுக்குப் போனார். அங்கிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா அன்று அழவில்லை. அடுத்த வாரம் முன்பள்ளியில் உதவிக்குச் சேர்ந்தாள். இன்றும் அங்கேதான் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறாள். ஆனாலும் ஒரு நல்ல தாதியை நாங்கள் இழந்துவிட்டோம் என்ற ஆற்றாமை எனக்குத் தீரவில்லை.

அதனால் என் விண்ணப்பத்தை நிரப்பும்போது முதலாளியிடம் கேட்டு, தபால் முகவரி என்ற இடத்தில் கடையின் முகவரியை எழுதினேன். நிரந்தர முகவரி வேறு, தபால் முகவரி வேறு. முதலாவதில் தோட்டத்தைத்தான் எழுத வேண்டும். கிராம உத்தியோகத்தரின் சான்றிதழும் அதையேதான் சொல்லும். இரண்டாவதில் கடிதம் நிச்சயமாக உங்கள் கைக்கு வரும் இடத்தை எழுதுங்கள். நகரத்திலிருக்கும் மாமா வீடாக இருக்கலாம், படிப்பித்த ஆசிரியரின் வீடாக இருக்கலாம். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். தோட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும் முகவரியும் வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டும். அதுவரை உங்கள் கடிதம் தொலையக் கூடாது.

முகவரிக்கு அடுத்த தலைவலி பெயர். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முத்துசாமி, அவருடைய அடையாள அட்டையில் முத்தையா, பாடசாலை விடுகைச் சான்றிதழில் வெறும் முத்து என்று இருக்கிற குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. பதிவு செய்தவர் காதில் விழுந்தபடி எழுதினார். சிங்களத்தில் எழுதியது தமிழுக்கு வரும்போது இன்னும் மாறியது. விண்ணப்பிக்கும்போது இது யார் கண்ணிலும் படாது. நேர்முகப் பரீட்சையில் மூலச் சான்றிதழ்களை மேசையில் வரிசையாக வைக்கும்போதுதான் படும். சத்தியக்கடதாசி முடித்துப் பிரதேச செயலகத்துக்கு அலைந்து திருத்த எனக்கு நிறைய நேரம் பிடித்தது. விண்ணப்பம் போட்ட மறுநாளே அதைத் தொடங்கியதால் தப்பினேன்.

படிப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தமிழில் நுண்ணறிவுப் பயிற்சிப் புத்தகங்கள் தலவாக்கலையில் கிடைப்பதில்லை. அட்டனில் ஒன்றிரண்டு கிடைக்கும். கடைக்குக் கொப்பி எடுக்க வந்த ஓர் ஆசிரியர் தன்னிடமிருந்த பழைய வினாத்தாள்களை எனக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளச் சொன்னார். எண் தொடர், வடிவத் தொடர், நேரம் தூரம் கணக்குகள். இரவில் வீட்டுக்கு வந்து, எல்லோரும் படுத்த பிறகு, அடுப்படிப் பக்கம் உட்கார்ந்து செய்வேன். பொது அறிவுக்கு ரயில் பாதையின் வரலாற்றைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் ரயில். 1867இல் கண்டி. 1885இல் நானுஓயா. 1924இல் பதுளை.

என் பாட்டி, அம்மாயி, தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "இதில் எங்கள் வண்டி எங்கே?" என்று கேட்டார். எந்த வண்டி என்று எனக்கு முதலில் புரியவில்லை. அவருடைய தங்கை ஏறிப்போன வண்டி. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. மலையகத்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று இரண்டு தலைவர்கள் கணக்கு முடித்தார்கள். எங்கள் குடும்பமும் அந்தக் கணக்கில் இரண்டாகப் பிரிந்தது. தங்கையின் குடும்பம் தலவாக்கலை ஸ்டேஷனில் பெட்டி படுக்கையோடு ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தது. வண்டி நகர்ந்தபோது ஸ்டேஷன் முழுக்க ஒப்பாரி என்பார் அம்மாயி. அதன்பிறகு கொழும்புக்குப் போவதென்றாலும் அவர் பஸ்ஸில்தான் போவார்.

அறிவித்தலின் தகைமைகளில் 'விண்ணப்பதாரர் இலங்கைப் பிரஜையாக இருத்தல் வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். கொழும்புப் பிள்ளைகள் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். என் தாத்தாவை அந்த ஒரு வரியே நிறுத்தியிருக்கும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள். எஞ்சியிருந்தவர்களின் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இந்தப் பாதைக்கு மண் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தப் பாதையில் ஓர் உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்க அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. நான் விண்ணப்பத்தில் அந்த இடத்தை நிரப்பியபோது எழுத்து கோணாமல் நிதானமாக எழுதினேன்.

பரீட்சை கொழும்பில். பதுளையிலிருந்து இறங்கும் இரவுத் தபால் ரயிலில் ஏறினேன். கொட்டகலை தாண்டிச் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் போனபோது பெட்டியில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்; நான் மட்டும் முக்கோணங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். விடியுமுன் கோட்டை ஸ்டேஷனில் முகம் கழுவி, சட்டை மாற்றி, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு மண்டபத்தைத் தேடிப் போனேன். மலையகப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: முடிந்தால் முதல் நாளே போய் உறவினர் வீட்டில் தங்குங்கள். தூக்கமில்லாத கண்ணோடு நுண்ணறிவு வினாத்தாளைப் பார்ப்பது கொடுமை. அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் ஒரே உறையில் வைத்துச் சட்டைப் பையில் வையுங்கள், பயணப் பையில் வேண்டாம்.

பிறகு தொடங்கியது காத்திருப்பு.

2020 மார்ச்சில் ஊரடங்கு. ரயில் ஓடவில்லை. கடை பூட்டியிருந்தது. ஆகஸ்டில் பொதுத் தேர்தல். அடுத்த ஆண்டும் நோய். 2022இல் பொருளாதார நெருக்கடியில் நாடே வரிசையில் நின்றது. மண்ணெண்ணெய்க்கு அம்மாவும் நானும் மாறி மாறி நின்றோம். அரசாங்கத்தில் புதிதாக ஆள் எடுப்பது நின்றுவிட்டது என்றார்கள். அரச ஊழியர்களின் ஓய்வு வயதை 65 ஆக்கியிருந்தார்கள். பிறகு அதை மீண்டும் 60க்குக் குறைத்தார்கள். 2022 டிசம்பர் முடிவில் பெருந்தொகையானோர் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். அடுத்த மாதம் ஆளணி இல்லாமல் ரயில்கள் ரத்து என்று செய்தி வந்தது. அந்தச் செய்தியை நான் கடையில் நின்று வாசித்தேன். ஆட்கள் இங்கே இருக்கிறோமே என்று கத்த வேண்டும் போல இருந்தது.

காத்திருப்பில் கஷ்டமானது பணம் மட்டுமில்லை. தோட்டத்தில் ஓர் இளைஞன் காலையில் எங்கே போகிறான் என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். "தம்பிக்கு இன்னும் கடிதம் வரவில்லையா?" என்று அன்போடுதான் கேட்பார்கள். அம்மா மழையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, ஈரப் படங்கைக் கழற்றிக் கொண்டே என் முகத்தைப் பார்ப்பார். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. ஆனால் கேட்ட கிலோ வராவிட்டால் அரைப் பேர்தான், அதாவது பாதிச் சம்பளம்தான். அதில் என்னைப் படிக்கவைத்தவர். கொழும்பில் ஹோட்டல் வேலைக்கு வா என்று கூடப்படித்தவர்கள் கூப்பிட்டார்கள். போகலாமா என்று கேட்டேன். அப்பாதான் வேண்டாம் என்றார். "கடிதம் கடைக்குத்தானே வரும். நீ கடையில் இரு" என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அந்த வார்த்தைதான் என்னை நிறுத்தியது.

அந்த ஆண்டுகளைச் சும்மா விடவில்லை. கடைக்கு வரும் சிங்கள வாடிக்கையாளர்களோடு பேசிப் பேசிச் சிங்களத்தை உறுதியாக்கிக்கொண்டேன். பிறகு வாசிக்கவும் எழுதவும் பழகினேன். அரச சேவையில் சேர்ந்தவர்கள் குறித்த காலத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும். அதை முன்கூட்டியே முடித்துவைப்பது எவ்வளவு நிம்மதி என்று சேர்ந்த பிறகுதான் தெரியும். தொலைபேசி இலக்கத்தை மாற்றவில்லை. வேறு பதவிகளுக்கும் விண்ணப்பம் போட்டேன். ஒரே வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

நேர்முகப் பரீட்சையைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. சான்றிதழ்கள் ஒழுங்காக இருந்தால் அச்சமில்லை. ஆனால் மருத்துவப் பரிசோதனையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

என்னோடு எழுதிய டிக்கோயாப் பக்கத்து நண்பர் ஒருவர் இருந்தார். என்னைவிடக் கெட்டிக்காரர். கணக்கில் நான் தடுமாறிய இடங்களை அவர்தான் தொலைபேசியில் சொல்லித் தந்தார். ரயில் ஓட்டத்தோடு தொடர்புடைய வேலைக்கு நிறப்பார்வை சரியாக இருக்க வேண்டும். சிவப்பும் பச்சையும்தான் அங்கே உயிர். வண்ணப் புள்ளிகளால் ஆன ஒரு புத்தகத்தைக் காட்டி, உள்ளே மறைந்திருக்கும் எண்ணைச் சொல்லச் சொல்வார்கள். நண்பருக்குச் சில பக்கங்களில் எண்ணே தெரியவில்லை. பிறவியிலேயே அப்படி இருந்திருக்கிறது. அவருக்கே அன்றுதான் தெரியும். அத்தனை வருடப் படிப்பும் காத்திருப்பும் அந்த அறையில் முடிந்தது. வெளியே வந்து என்னிடம், "நீ போய் வரிசையில் நில், உன் முறை வந்துவிடும்" என்றார். அவருக்காக இதை எழுதுகிறேன். விண்ணப்பிக்கும் முன்பே அரசாங்க வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்குப் போய் நிறப்பார்வையைச் சோதித்துக்கொள்ளுங்கள். குறை இருந்தால் அந்தப் பார்வை தேவைப்படாத எத்தனையோ உத்தியோகங்கள் இருக்கின்றன, அவற்றுக்குப் படிக்கலாம். பாடசாலையில் எட்டாம் ஒன்பதாம் வகுப்பிலேயே இதைப் பார்த்துவிட்டால் எவ்வளவு நல்லது. ஆசிரியர்கள் யாராவது வாசித்தால் கவனியுங்கள்.

நியமனக் கடிதம் ஒரு பின்னேரம் கடைக்கு வந்தது. முதலாளியே கையொப்பம் போட்டு வாங்கி என்னிடம் நீட்டினார். அன்று மேற்கணக்குக்கு ஏறியபோது அம்மா மலையில் நின்றார். கீழிருந்தே கடிதத்தைத் தூக்கிக் காட்டினேன். அம்மாயி கேட்டது ஒன்றுதான்: "தலைமன்னாருக்கு இப்போதும் வண்டி போகிறதா?" போர்க்காலத்தில் நின்றிருந்த பாதை 2015இல் மீண்டும் திறக்கப்பட்டதைச் சொன்னேன். ஒருநாள் கூட்டிப் போ என்றார். போக வேண்டும்.

பயிற்சி முடிந்து, இப்போது மலைப்பாதையில் ஒரு சிறிய நிலையத்தில் இருக்கிறேன். பெயரைச் சொல்லவில்லை. இங்கே ஒற்றைத் தண்டவாளம். இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். அதற்கு அத்தாட்சி டேப்லெட் என்று நாங்கள் சொல்லும் உலோகத் தட்டு. அடுத்த நிலையத்து அதிபர் அங்கிருந்து சம்மதம் கொடுத்தால்தான் என் கருவியிலிருந்து தட்டு வெளியே வரும். ஒன்று வெளியே இருக்கும்வரை இரண்டாவது வராது. அதைப் பையிலிட்டு, பெரிய வளையத்தோடு சாரதியிடம் கொடுக்க வேண்டும். பனி இறங்கி எதிர்ப்பக்கம் தெரியாத காலையிலும், 44 அடி தூரத்துக்கு 1 அடி உயரும் ஏற்றத்தில் எஞ்சின் முக்கி வருகிற சத்தம் கேட்கும்போதும், இந்தத் தட்டை நம்பி எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைப்பேன். நூறாண்டுக்கு மேற்பட்ட முறை. எனக்கு அதன்மேல் அளவில்லாத மரியாதை.

நானுஓயாவிலிருந்து எல்ல வரை ரயில் முழுக்க வெளிநாட்டுப் பயணிகள். அவர்கள் வருவது நல்லதுதான். ஆனால் என் மேடையில் கரட் மூட்டையோடும், கிளினிக் கொப்பியோடும், வேலைக்குத் திரும்பும் மகனை வழியனுப்பவும் நிற்கிறவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். வண்டி தாமதம் என்றால் ஏன், எவ்வளவு நேரம், பஸ்ஸில் போவதா காத்திருப்பதா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். டிக்கெட் கூண்டுக்கு அருகே தயங்கி நின்று, யாரிடம் எந்த மொழியில் கேட்பது என்று யோசிக்கும் முகங்களை நான் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். என் அம்மாவின் முகமும் அதில் ஒன்று. இங்கே நான் மூன்று மொழியிலும் அறிவிக்கிறேன். தமிழில் சொன்னதும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்து கேள்வி கேட்கிறார்கள், கோபித்துக்கொள்ளவும் செய்கிறார்கள். அப்படிக் கோபித்துக்கொள்ள முடிவது அவர்களுடைய உரிமை. ஒவ்வொரு மலையக நிலையத்திலும் அது கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பிள்ளைகளை எழுதச் சொல்லி நச்சரிக்கிறேன்.

ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் இருப்பேன். அக்காவும் வருவாள், படிவம் நிரப்புவதில் அவள் என்னைவிடக் கவனமானவள். வருகிறவர்கள் வர்த்தமானி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலை விடுகைச் சான்றிதழ், அம்மா அப்பாவின் அடையாள அட்டைப் பிரதிகள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு வாருங்கள். முதலில் பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்போம். கடிதம் போடக்கூடிய ஒரு முகவரியையும் யாரிடமாவது கேட்டு வாங்கி வாருங்கள். கிடைக்காதவர்கள் சொல்லுங்கள், கடை முதலாளியிடம் ஏற்கெனவே பேசிவைத்திருக்கிறேன்.